படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி

அந்தத் தெருவில் முதலில் எல்லோரும் அவளைக் கண்டக்டர் வீட்டம்மா என்றுதான் சொன்னார்கள். செக்ரட்டரி ஆனது பிற்பாடு. அதுவும் அவள் கேட்டு வாங்கிய பதவி இல்லை. பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து டோக்கன் எழுதுகிறவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், போனில் யாரிடமும் குரலை உயர்த்தாமல் பேசுவாள், போதாதா? தெருச் சங்கத்துக்குச் செயலாளர் வேண்டும் என்று பேச்சு வந்த அன்று கூட்டத்துக்கு வராத ஒரே ஆள் அவள்தான். வராதவர் தலையில் கட்டுவது எல்லாச் சங்கங்களுக்கும் கைவந்த வேலை. மறுநாள் காலையில் மளிகைக்கடைக்காரர், அவர்தான் சங்கத்தின் தலைவர், "செக்ரட்டரி மேடம், சீனி எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

தெரு என்றால் வண்டி போகிற தெரு இல்லை. மேட்டுச் சரிவில் ஒரு நீளமான படிக்கட்டு, அதற்கு இரண்டு பக்கமும் வீடுகள், அவ்வளவுதான். கீழே பஸ் போகும் சாலை, உச்சியில் தண்ணீர்த் தொட்டி. படிகள் தேய்ந்து நடுவில் குழிந்திருக்கும். மழை பெய்தால் குழியில் பாசி பிடிக்கும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. விளக்குக் கம்பம் இரண்டு உண்டு. ஒன்று எரிந்தே யாரும் பார்த்ததில்லை, மற்றொன்று அதற்கு மனசு வந்தால் எரியும்.

அவள் கணவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று கத்தியே தொண்டை கட்டிப்போன மனிதர். ஒரு மழைக்கால விடியலில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி இறங்கியவர், விளக்கில்லாத வளைவில் கால் வழுக்கி உருண்டார். இடுப்பில் விரிசல், தொடையில் முறிவு. தகடு வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஊரையெல்லாம் படியில நிக்காதேன்னேன். கடைசியில படியில நின்னவன் நான்தான்" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவரே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பார். வந்தவர்களும் சிரித்துவிட்டு, வாங்கி வந்த பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள்.

வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடமாடினார். குளிப்பது, துவைப்பது எல்லாம் தானே பார்த்துக்கொள்வார். அவள் வேலைக்குப் போவதால் சமையலும் மெல்ல அவர் கைக்குப் போயிற்று. அவள் சமைத்ததைவிட நன்றாகவே இருந்தது. அதை அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவரால் முடியாதது அந்தப் படிக்கட்டு ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளில் தெருவில் நாலு பேர் சேர்ந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். "எல்லாரும் ஏறியாச்சா? ரைட், போலாம்" என்பார் நாற்காலியில் இருந்தபடி. தூக்குகிறவர்களுக்குச் சிரிப்பு வந்து கை தளரும். "சிரிக்க வைக்காதீங்க கண்டக்டரே, போட்டுடுவோம்" என்பார்கள்.

நகர மன்றம் வருஷாவருஷம் சமூக மேம்பாட்டு நிதி என்று ஒன்று கொடுக்கிறது. தெருச் சங்கங்கள் விண்ணப்பிக்கலாம். செக்ரட்டரி ஆனதும் அவள் செய்த முதல் காரியம் அதற்கு எழுதிப் போட்டதுதான். மேலிருந்து கீழ்வரை இரும்புக் கைப்பிடி, மூன்று விளக்கு, உடைந்த படிகளுக்குப் பூச்சு. கொத்தனாரை வைத்து அளவெடுத்து, மதிப்பீடு வாங்கி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிச் சேர்த்தாள். மூன்று மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது. தேவை போதிய அளவில் நிறுவப்படவில்லை.

அரைநாள் லீவு போட்டுவிட்டு மன்ற அலுவலகத்துக்குப் போனாள். நிதிப் பிரிவில் இருந்த பெண் அலுவலர் சின்ன வயசு, நல்ல மாதிரி. கோப்பைத் தேடி எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"உங்க விண்ணப்பத்துல ஒரு தப்பும் இல்லைக்கா. அளவு இருக்கு, செலவு இருக்கு. ஆனா ஆள் இல்லை."

"எல்லா வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

"கையெழுத்துப் போட்டவங்க இருக்காங்க. கஷ்டப்பட்டவங்க இல்லை. குழுவுல இருக்கறவங்க ஒரு மத்தியானத்துல ஒரு கட்டு விண்ணப்பம் படிக்கறாங்க. எல்லாத் தெருவுலயும் படிக்கட்டு இருக்கு. அவங்க மனசுல எது நிக்கும்? யாராவது ஒருத்தரோட கதை, கூட ஒரு போட்டோ. அது இருந்தா நிக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன வருஷம் சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கறதுக்கு ஒரு தெருவுக்குப் பணம் போச்சு. ஏன் தெரியுமா? ஒரு குழந்தை பிரஷ்ஷைப் பிடிச்சிட்டு நின்ன போட்டோ."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது கோபம் இறங்கி, யோசனை ஏறிவிட்டது. வீட்டில் அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"உங்களுக்கு நடந்ததை எழுதினா கிடைக்கும்போல இருக்கு."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "நம்ம பஸ்ஸுல கண்ணு தெரியாத ஒருத்தர் ஏறுவாரு, பாட்டுப் பாடுவாரு, ஞாபகம் இருக்கா? தினம் காசு போட்டிருக்கேன். அவர் மேல எனக்கு மரியாதைதான். ஆனா அவர் நின்ன இடத்துல நிக்க எனக்கு வராது. வேற யாரையாவது போட்டுக்கோ. என்னை விட்டுடு."

"சரி, விடுங்க" என்றாள்.

உண்மையாகவே வேறு ஆளைத் தேடினாள். பால்காரர் விழுந்ததில் உடைந்தது பால்கேனின் மூடி மட்டும். தையல்காரருக்குக் கால் சுளுக்கியது உண்டு. ஆனால் அது படிக்கட்டிலா, மச்சினர் வீட்டு மாடியிலா என்று அவருக்கே நிச்சயமில்லை. மேல்வீட்டுப் பெண் நிறைமாதமாக இருந்தாள், போட்டோவுக்கும் சம்மதித்தாள், அதற்குள் அவள் அண்ணன் வந்து அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். மறுபடி விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கியது.

ஆஸ்பத்திரி மேஜையில், ஒரு பல் பிடுங்கலுக்கும் அடுத்த பல் பிடுங்கலுக்கும் நடுவே, அவள் கணவரைப் பற்றி எழுதினாள். எழுத ஆரம்பித்ததும் கை நிற்கவில்லை. வெளியே செல்லப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை என்று முதலில் எழுதினாள். அது உண்மை. படித்துப் பார்த்தாள். போதவில்லை என்று தோன்றியது. அதை அடித்துவிட்டு, ஒரு வாய் உண்ணக்கூடப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை என்று மாற்றினாள். தலைவரின் போனில் நாற்காலியோடு தூக்கிப் போன அன்று எடுத்த படங்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மற்றதில் கண்ணை மூடிக்கொண்டு, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வேட்டி விலகித் தொடையில் தையல் தெரிந்தது. அவள் இரண்டாவதை அனுப்பச் சொன்னாள். தலைவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

இந்த முறை குழு நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. வீட்டில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "படிக்கட்டைப் பாக்க ஆபீஸ்ல இருந்து வர்றாங்க." படிக்கட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நம்பினாள். நம்பினாளா, நம்ப ஆசைப்பட்டாளா என்பது வேறு விஷயம்.

அவர்கள் வந்தார்கள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கூட ஒரு பொறியாளர், அந்தப் பெண் அலுவலர். கீழே இருந்து ஏறி வந்ததில் மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது, அதுவே பாதி சிபாரிசு மாதிரி இருந்தது. வளைவில் நின்று தலைமையாசிரியர் கோப்பைத் திறந்தார். "இவர் வீடு எது? பாத்துடலாம்."

கதவு திறந்தே இருந்தது. விருந்தாளி வருகிறார்கள் என்று கண்டக்டர் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அடுப்படி வாசலில் வாக்கரோடு நின்றிருந்தார். மேஜை மேல் கழுவித் துடைத்த டம்ளர்கள் வரிசையாக. பாத்திரத்தில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது.

"வாங்க, வாங்க. ஏறி வந்ததுல களைச்சிருப்பீங்க, உக்காருங்க."

தலைமையாசிரியர் அவரைப் பார்த்தார், கோப்பில் இருந்த போட்டோவைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிப்பதுபோல வாசிக்க ஆரம்பித்தார். "ஓடியாடி உழைத்த இவர் இன்று வீட்டுக்குள் முடங்கி, ஒரு வாய் உண்ணக்கூடப் பிறர் கையை..." அங்கே நிறுத்தினார். "நீங்கதானே இது?"

அவள் சுவர் ஓரமாக நின்றாள். கண்டக்டர் ஒரு தடவை அவளைப் பார்த்தார். நீளமாகக்கூட இல்லை, டிக்கெட் வாங்காத ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு தலையாட்டினார்.

"நான்தாங்க."

"டீ யார் போட்டது?" என்று கேட்டார் பொறியாளர். சந்தேகப்பட்டுக் கேட்டாரோ, சும்மா கேட்டாரோ.

"அவதான். நீங்க வர்றீங்கன்னு போட்டு வச்சா." சொல்லிக்கொண்டே வாக்கரை விட்டுவிட்டு நாற்காலியில் சரிந்தார். உட்காரவில்லை, சரிந்தார். இஸ்திரி போட்ட சட்டைக்குள் தோள் இரண்டும் ஒடுங்கி, ஆளே பாதியாகிவிட்டார். "நிக்க ஆசையா இருந்தது, நின்னேன். இப்ப முடியலை." குரலும் நடுங்கியது. "பஸ்ஸுல நின்னுக்கிட்டே பொழைச்சவன் சார். இன்னைக்கு இந்த நிலைமை." கண்ணில் தண்ணீர் வந்தது. எங்கிருந்து வந்ததோ, வந்தது. அப்புறம் அவளைப் பார்க்காமலே கையை நீட்டினார். "அந்த டீயைக் குடு. கை நடுங்குது, நீயே குடுத்துடு."

அவள் டம்ளரை எடுத்தாள். டீயை ஊற்றினாள். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து, அவர் வாயில் டம்ளரை வைத்துப் புகட்டினாள். அவர் ஒரு மிடறு குடித்தார், இன்னொரு மிடறு குடித்தார், கொஞ்சம் தாடையில் வழிய விட்டார். அவள் முந்தானையால் துடைத்தாள். பெண் அலுவலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைமையாசிரியர் கோப்பை மூடிவிட்டு, "போதும்மா, தொந்தரவு பண்ணிட்டோம்" என்றார்.

அவர்கள் இறங்கிப் போனதும் அவர் எழுந்து, டம்ளர்களை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தார்.

"எல்லாம் தெருவுக்காகத்தாங்க" என்றாள் அவள் பின்னாலிருந்து.

"தெரியுது. தப்பில்லை. வேலை நடக்கணும்ல."

திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அவர் அவளிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். சாப்பாடு வைத்திருக்கேன், வெந்நீர் இருக்கு, கதவைச் சாத்திடறேன். லாட்ஜில் தங்க வந்தவரிடம் பேசுகிற பேச்சு. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் கேட்டாள். "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? வாயைக் கிண்டினாக்கூட நல்ல பிள்ளையா பதில் சொல்றாரு. பயமா இருக்கு." ஒன்றுமில்லை, வலி இருக்கும் என்று சொல்லி வைத்தாள்.

நிதி கிடைத்தது. தலைவர் சங்கக் கூட்டத்தில் கடிதத்தை உரக்கப் படித்தார்; ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று குழு எழுதியிருந்த பத்தியையும் சேர்த்துப் படித்தார். படித்திருக்க வேண்டாம். அதற்குப் பிறகு தெரு அவரை வேறு கண்ணால் பார்த்தது. பக்கத்து வீட்டிலிருந்து மூடிபோட்ட பாத்திரத்தில் குழைந்த சோறு வந்தது. தையல்காரர் அவருக்குக் காது கேட்காதது மாதிரி கத்திப் பேசினார். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது அவர் வழக்கம்போல "ரைட், போலாம்" என்றார். நாலு பேரில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் 'ப்ச்' என்று உச்சுக்கொட்டினார். அதற்கப்புறம் அவர் அதைச் சொல்வதை விட்டுவிட்டார். இதைச் செக்ரட்டரி கண்ணால் பார்த்தாள். அவர் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு, ஏற்றி இறக்குகிற மூட்டை மாதிரி இறங்கிப் போனதைப் பார்த்தபோதுதான், தான் எழுதியது அவருக்குப் பலித்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

கொத்தனார் தலைமையில் தெருவே சேர்ந்து வேலை செய்தது. படிகள் பூசப்பட்டன, விளக்குகள் வந்தன. இரும்புக் கைப்பிடிக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். எல்லாம் முடிந்தபின் பெண் அலுவலர் ஆஸ்பத்திரி எண்ணுக்குப் போன் செய்தாள்.

"அறிக்கைக்கு ஒரு போட்டோ வேணும்கா. சார் கைப்பிடியைப் பிடிச்சு நிக்கற மாதிரி. வேலைக்கு முன்னாடி எடுத்தது இருக்கு, முடிஞ்ச பின்னாடி ஒண்ணு. அது வந்தாதான் மீதித் தொகையை விடுவாங்க."

அவள் மேஜைக்கு எதிரே ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். அவருக்கு டோக்கனை நீட்டிவிட்டு, போனோடு வராந்தாவுக்குப் போனாள்.

"அவர் போட்டோ வேண்டாம்மா. நான் எழுதினதுல பாதி பொய். அவர் கையால சாப்பிடறவர்தான். அன்னைக்கு டீ போட்டதும் அவர்தான். நான் எழுதினதைக் காப்பாத்தறதுக்காக அப்படி உக்காந்தாரு."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா, இதை நீங்க சொல்லலை. நான் கேக்கலை. தெருக்காரங்க யாரையாவது நிக்கவச்சு எடுத்து அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்." வைப்பதற்கு முன் கேட்டாள்: "அன்னைக்கு அவர் அழுதாரே?"

"அது எனக்கும் தெரியலைம்மா" என்றாள்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவரிடமும் சொன்னாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரைக் கேட்டுச் சொன்னே? மீதிப் பணம் வரலைன்னா கொத்தனாருக்கு யார் பதில் சொல்றது?"

"மனசு கேக்கலைங்க."

"எழுதறப்ப கேட்டுதா? அன்னைக்கு என் பேச்சைக் கேக்கலை, இன்னைக்கு என்னையே கேக்கலை. என்னைப் பத்தி ஊர்ல எல்லார்கிட்டயும் பேசறே. என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கறே." அவ்வளவு சொன்னதில் அவருக்கு மூச்சு இரைத்தது. ஆனால் அது மாசக்கணக்கில் அவர் அவளிடம் பேசிய முதல் நிஜப் பேச்சு.

மீதிப் பணம் வந்துவிட்டது. அதில் ஒரு வில்லங்கமும் வரவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள், அவள் வேலையில் இருக்கும்போது தலைவர் கூப்பிட்டார். "செக்ரட்டரி, கண்டக்டர் வீட்ல இல்லை. வாக்கர் மட்டும் வாசல்ல நிக்குது." டாக்டரிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, படிக்கட்டின் அடியில் இருந்த நிறுத்தத்து பெஞ்சில் அவர், ஆஸ்பத்திரியில் கொடுத்து மூலையிலேயே கிடந்த கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது.

"எப்படி இறங்கினீங்க?"

"பிடிச்சுக்கிட்டுத்தான். நடுவுல ரெண்டு தடவை உக்காந்தேன்." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்ம பழைய டிரைவர் வந்தான். ஏத்திக்கிட்டான். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வந்தேன். புதுசா ஒரு பொண்ணு கண்டக்டர். என்னை யாருன்னே அதுக்குத் தெரியலை. டிக்கெட் எடுங்கன்னுச்சு, எடுத்தேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததைச் சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும்.

ஏறத் தொடங்கினார்கள். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை தடியில். அவள் கை கொடுக்கப் போனாள். அவர் தலையை அசைத்தார். பின்னாலேயே நடந்தாள். வளைவுக்கு வருவதற்குள் அவருக்கு முழங்கால் ஆடத் தொடங்கிவிட்டது. மேலே யாரோ பார்த்துவிட்டு நாற்காலி எடுத்துவரக் குரல் கொடுத்தார்கள். தையல்காரரும் இன்னும் இரண்டு பேரும் தடதடவென்று இறங்கி வந்தார்கள்.

"வேண்டாம்" என்றார் கண்டக்டர்.

"அட, நாங்க இருக்கறப்ப நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?" என்று தையல்காரர் கத்தினார்.

"எனக்குக் காது நல்லா கேக்குது. வேண்டாம்னேன்."

அவர்கள் செக்ரட்டரியைப் பார்த்தார்கள். அவளுக்கு வாய்வரை வந்தது, அவர் சொல்றதைக் கேளுங்க என்று. அதையும் அவருக்கே விட்டு ஒதுங்கி நின்றாள். நாற்காலியைப் படியிலேயே வைத்துவிட்டு அவர்கள் தயங்கித் தயங்கி மேலே போனார்கள்.

அவர் படியில் உட்கார்ந்தார். இரண்டு படி கீழே அவளும் உட்கார்ந்தாள். அவருக்கு மூச்சு சீராக நேரம் பிடித்தது. பேசுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. மன்னிப்புக் கேட்டாயிற்றா இல்லையா என்றே அவளுக்கு ஞாபகமில்லை. தெருவுக்காக என்று சொன்னது ஞாபகம் இருந்தது, அது மன்னிப்பில் சேர்த்தி இல்லை என்பதும் தெரிந்தது.

"உங்களைக் கேட்டிருக்கணும்" என்றாள்.

"கேட்டியே. நான் வேண்டாம்னேன்."

அவர் தடியை ஊன்றி எழுந்தார்.

"நீ முன்னாடி போ. பின்னாடி வந்தா யாரோ தள்ளற மாதிரியே இருக்கு."

அவள் அந்தக் காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். பின்னால் தடி படியில் படுகிற சத்தம் வந்தது, நின்றது, நெடுநேரம் கழித்து மறுபடி வந்தது.